வெள்ளைச் சுவரும் கறுப்பு மையும்

உலகின் பல நகரங்களில், விடுதிகளின் கூடங்களிலும் வீடுகளின் முன்னறைகளிலும் ஒருவகைக் கறுப்பு வெள்ளைப் படம் தொங்குவதைக் காணலாம். தடித்த வெண்சுவர், அதன் உச்சியில் வளைவுகளுக்குள் தொங்கும் மணிகள், தரையில் நீண்டு விழுந்த நிழல், பின்னே மேகமற்ற கரிய வானம். ஆள் நடமாட்டம் இராது. ஸ்பெயின் நாட்டார் அமெரிக்கக் கண்டத்தில் எழுப்பிய பழைய மிஷன் கோயில்களின் படங்கள் இவை. பார்ப்பவர் மனத்தில் அவை எழுப்பும் உணர்வை அமைதி என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்பதை வரலாறு சற்று வேறுவிதமாகச் சொல்கிறது. அந்த வரலாற்றின் ஓர் இழை முத்துக்குளித்துறை வரைக்கும், இன்னோர் இழை திண்டுக்கல் சமவெளி வரைக்கும் நீள்வது நம் கவிஞர்களுக்குச் சுவையளிக்கக்கூடிய செய்தி.

மிஷன் என்னும் சொல் நம் ஊர்ப்புறங்களில் பள்ளிக்கூடத்தோடும் மருத்துவமனையோடும் ஒட்டிக்கொண்ட சொல். ஸ்பானியர் ஆண்ட நிலத்திலோ அது ஓர் ஆட்சிமுறையின் பெயர். கோயில், களஞ்சியம், தறிக்கூடம், தோல் பதனிடும் தொட்டி, வயல், மந்தை, மக்கள் குடியிருப்பு ஆகிய அனைத்தும் ஒரு முற்றத்தைச் சூழ அமைந்திருக்கும். அரசின் கருவூலம் செலவுக்குப் பொருள் தரும். அருகிலிருக்கும் கோட்டையின் படைவீரர் காவல் தருவர். கலிபோர்னியாவில் 1769-இல் சான் தியேகோவில் பிரான்சிஸ்கன் துறவி ஹூனிப்பெரோ செர்ரா முதல் மிஷனைத் தொடங்கினார். 1823-க்குள் கடற்கரையை ஒட்டி இருபத்தொரு மிஷன்கள் எழுந்தன. கட்டியவர்கள் அம்மண்ணின் பழங்குடியினர். மண்ணும் வைக்கோலும் பிசைந்து வெயிலில் உலர்த்திய சுடாத செங்கல்லை அடுக்கியவர்களும், சுண்ணாம்பு நீற்றியவர்களும், கூரை ஓடு வனைந்தவர்களும் அவர்களே. திருமுழுக்குப் பெற்றவர் விருப்பம்போல் வெளியேற இயலாது. ஓடிப்போனால் படைவீரர் தேடிப் பிடித்து வருவர். பிறப்பைக் காட்டிலும் இறப்பே அங்கு மிகுந்திருந்தது. அம்மை முதலிய நோய்கள் குடியிருப்பு குடியிருப்பாக மக்களை வாரிச் சென்றன. சான் தியேகோ மிஷனைக் குமேயாய் மக்கள் 1775 நவம்பரில் எரித்தனர். 1785-இல் சான் கப்ரியேல் மிஷனுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் தோய்ப்பூரினா என்ற பெண்ணின் பெயர் முன்நிற்கிறது. 1824-இல் சூமாஷ் மக்கள் மூன்று மிஷன்களில் ஒருசேர எழுந்தனர். சுவரில் தொங்கும் படத்தின் அமைதிக்குள் இத்தனை கூச்சலும் அடங்கிக் கிடக்கிறது.

மெக்சிக்கோ விடுதலை பெற்றபின், 1833, 1834 ஆண்டுகளில் மிஷன்களின் நிலம் பறிக்கப்பட்டுப் பண்ணையார்களின் கைக்குப் போயிற்று. நிலத்தில் உழைத்தவர்களுக்கு அதில் ஏதும் மிஞ்சவில்லை. கூரை ஓடுகள் கழற்றப்பட்டன. சுடாத செங்கல் மழையில் கரைந்தது. ஓவியர்களும் ஒளிப்படக்காரர்களும் வந்து சேர்ந்தது இந்த இடிபாட்டுக் காலத்தில்தான். கார்ல்டன் வாட்கின்ஸ் 1870-களில் பெரிய கண்ணாடித் தகடுகளைச் சுமந்து சென்று இவற்றைப் படம் எடுத்தார். ஹென்றி சாப்மன் ஃபோர்டு என்ற ஓவியர் ஒவ்வொரு மிஷனாகப் போய் வரைந்து, 1883-இல் இருபத்துநான்கு செப்புத்தகட்டு அச்சுப்படங்களை வெளியிட்டார். செப்புத் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு, கீறல் அரித்த பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுக்கும் கலை அது. கோட்டினாலேயே நிழல் காட்டவேண்டும். வெள்ளைச் சுவருக்கு மை வேண்டாம், தாளே சுவராகிவிடும். இவ்வகையில் வெண்சாந்து பூசிய கட்டடம் போல் கறுப்பு வெள்ளைக்கு வாய்ப்பான பொருள் வேறில்லை எனலாம். மறு ஆண்டில் ஹெலன் ஹண்ட் ஜாக்சன் எழுதிய ‘ரமோனா’ நாவல் வெளிவந்தது. பழங்குடி மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை எடுத்துரைக்கவே அவர் அதை எழுதினார். படித்தவர்களோ கொடுமையை மறந்து, மணியோசை கேட்கும் பழைய நாட்களின் மீது காதல் கொண்டனர். நல்ல நோக்கோடு எழுதப்பட்ட நூல்களுக்கு இப்படியும் ஒரு விதி நேர்வதுண்டு.

இப்படங்களில் மனிதர் இல்லாமைக்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். பழைய ஒளிப்படத்தில் ஒளி பதிய நெடுநேரம் வேண்டும்; அசைபவர் அழிந்துபோவர், அசையாத கல்லே நிலைக்கும். நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப், மெழுகூட்டிய தாளில் எதிர்ப்படிவம் எடுக்கும் முறையைக் கையாண்டு 1858-இல் மதுரையைப் படம் எடுத்தார். திருமலை நாயக்கர் மகால் அப்படங்களில் பாழ்பட்ட நிலையில் நிற்கிறது. தூண்கள் உண்டு, வளைவுகள் உண்டு, மக்கள் இல்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அதிட்டானத்திலுள்ள தமிழ்க் கல்வெட்டைத் துண்டுதுண்டாகப் படம் எடுத்து ஒட்டி, ஏறத்தாழ இருபதடி நீளச் சுருளாக்கியவரும் இவரே. எழுத்து அசையாது நின்றது. ஆகவே படத்தில் நிலைத்தது. அரசுக்கு இது வீண் செலவாகத் தோன்றியதால் 1860-இல் அப்பணி முடிந்தது. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்த 1866 முதல் 1872 வரையிலான காலத்தில் மகாலைச் செப்பனிடும் வேலை தொடங்கிற்று.

அதே 1866-இல் தொடங்கி அதே 1872-இல் முடிந்த இன்னொரு கட்டடம் திண்டுக்கல்லில் இருக்கிறது. புனித சூசையப்பர் ஆலயம் அது. அதற்குப் போகுமுன் சவேரியாரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஏனெனில், மேற்கூறிய சுவர்ப்படங்களுள் புகழ்மிக்க ஒன்றில் இருப்பது அவர் பெயர் தாங்கிய கோயில்.

பிரான்சிஸ் சவேரியார் 1506-இல் நவார் நாட்டில் பிறந்தவர். அவர் சிறுவராயிருந்தபோது, 1512-இல், காஸ்தீல் அரசு நவாரைக் கைப்பற்றியது. சில ஆண்டுகளில் அவர் பிறந்த கோட்டையின் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. ஸ்பெயின் தன் மகனென்று கொண்டாடும் இவர் ஸ்பெயினிடம் வீட்டைப் பறிகொடுத்த குடும்பத்தில் வந்தவர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மக்களுடைய மொழி தமக்கும் தம்முடைய மொழி மக்களுக்கும் புரியவில்லை என்று எழுதும்போது, தம் தாய்மொழி பாஸ்க் என்பதை அவர் குறிப்பிடுகிறார். இரு மொழியும் அறிந்தவர்களைத் திரட்டி வேண்டுதல்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். அப்பெயர்ப்பின் குறைகளைப் பின்வந்தவர்கள் திருத்தினர். அண்ட்ரிக் அடிகள் 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டதை நாம் கொண்டாடுகிறோம். அந்த அச்சுப்பணிக்கு வழி திறந்தது கடற்கரை மணலில் தட்டுத்தடுமாறிச் சொல்லப்பட்ட அந்தத் தமிழே. சவேரியாருக்குப் பின்னால் போர்ச்சுக்கல் அரசின் ஆதரவும் கப்பலும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பணி கடற்கரையோடு நின்றது. உள்நாட்டில் நாயக்கர் ஆட்சி; அங்கே போர்ச்சுக்கல் வாள் செல்லாது.

சவேரியார் 1552-இல் சீனக் கரைக்கு அப்பால் ஒரு தீவில் இறந்தார். அவர் அடிச்சுவட்டில் கீழ்த்திசைக்கு வர விரும்பிய இத்தாலியப் பகுதித் துறவி எவுசேபியோ கீனோவை இயேசு சபை மெக்சிக்கோவுக்கு அனுப்பிற்று. கீழ்த்திசை கிட்டாத ஏக்கத்தில், 1692-இல் தாம் சென்றடைந்த பாலைநிலத்து ஊருக்கு அவர் சவேரியாரின் பெயரைச் சூட்டினார். இன்றைய அரிசோனாவிலுள்ள சான் சேவியர் தெல் பாக் என்னும் ஊர் அது. ‘பாக்’ என்பது அம்மக்கள் மொழியில் நீர் வெளிப்படும் இடத்தைக் குறிக்கும். 1767-இல் ஸ்பெயின் அரசர் தம் நிலமெங்கும் இயேசு சபையினரை வெளியேற்றவே, அவ்விடம் பிரான்சிஸ்கன் சபையாரிடம் வந்தது. இப்போதுள்ள கோயில் 1783-க்கும் 1797-க்கும் இடையே ஓ'ஓதம் மக்களின் உழைப்பில் எழுந்தது. இரு கோபுரங்களுள் ஒன்று முற்றுப்பெறாமலே நிற்கிறது. ஆன்சல் ஆடம்ஸ் முதலிய ஒளிப்படக் கலைஞர்கள் இதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஒளிவில்லையின் முன் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தினால் நீல வானம் கறுத்துப்போகும். அதன்முன் வெண்சுவர் தானே ஒளிர்வதுபோல் தோன்றும். இவ்வகைப் படங்களின் கரிய வானம் பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான்.

அந்தக் கோயிலின் கதவைத் திறந்து உள்ளே போனால் படம் சொன்னதற்கு நேர்மாறான காட்சி. சுவர், விதானம், பீடம் எங்கும் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பொன்னுமாக ஓவியங்கள். நடுவே சவேரியாரின் உருவம். பக்கத்துச் சிற்றாலயத்தில் கிடந்த கோலத்தில் இன்னோர் உருவம். அதன் தலையை மெல்லத் தூக்கி வேண்டிக்கொள்வது மக்கள் வழக்கம். கறுப்பு வெள்ளைப் படம் பொய் சொல்லிற்று என்பது இதன் பொருளன்று. அது வாசலிலேயே நின்றுவிட்டது.

வாசலில் நிற்பதோடு அமையாமல் உள்ளேயும் வெள்ளையடித்த கதை ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் பாலா என்னும் ஊரில் ஒரு துணை மிஷன் இருக்கிறது. அதன் உட்சுவர்களில் பழங்குடியினர் தம் கையாலேயே வண்ணக் கோலங்கள் தீட்டியிருந்தனர். 1903-இல், தம் சொந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்ட கூப்பெனோ மக்கள் பாலாவில் குடியேற்றப்பட்டனர். அவ்வாண்டில் அங்கு வந்த பாதிரியார் ஒருவர் கோயிலைத் தூய்மைப்படுத்தும் எண்ணத்தில் அந்த ஓவியங்களின்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார். மக்கள் கொதித்தனர். பின்னாளில் கோலங்கள் மீண்டும் தீட்டப்பட்டன. முதற் கைகளின் கோடு போனது போனதுதான். நமக்கு இது புதிய செய்தியன்று. தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரால் சுண்ணாம்புக்கு அடியில் போன ஓவியங்கள் எத்தனை! தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் திருச்சுற்றில் சோழர் கால ஓவியத்தின்மேல் நாயக்கர் கால ஓவியம் மூடிக் கிடந்ததை எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டு சொல்லும்வரை அப்படியொன்று இருப்பதே தெரியாதிருந்தது. ஒரு காலத்தின் பக்தி மற்றொரு காலத்தின் பக்தியை மூடிவிடுகிறது.

இனித் திண்டுக்கல். திண்டு போலக் கிடக்கும் கல்லால் பெயர்பெற்ற ஊர். மலைமேல் கோட்டை 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் தொடங்கியது. 1755-இல் மைசூர் அரசின் பௌஜுதாராக ஹைதர் அலி வந்தார். 1790-இல் கும்பினிப் படை பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினிக்கே உரிமையாயிற்று. மதுரைச் சீமையில் வெள்ளையர் நேராட்சி தொடங்கிய இடம் இதுவே. ஆனால் மதுரை மிஷன் இந்த ஆட்சிக்கு முற்பட்டது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவியுடுத்தித் தமிழும் வடமொழியும் கற்று வாழ்ந்தார். அவருக்குப் பின்னால் கோட்டையும் இல்லை, கருவூலமும் இல்லை. நாயக்கர் மனம் மாறினால் சிறைதான். ஸ்பானிய மிஷனையும் மதுரை மிஷனையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவோர் இவ்வேறுபாட்டைக் கருதவேண்டும். அங்கே மக்கள் மிஷனின் கைக்குள் இருந்தனர். இங்கே மிஷன் மக்களின் கைக்குள் இருந்தது. சாதி வேற்றுமையை அது தொடாமல் விட்டதற்கும், பல இடங்களில் அதற்கு இடங்கொடுத்ததற்கும் இதுவே ஒரு காரணம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இங்கே ஸ்பானியக் குடியேற்ற உலகம் எதிர்பாராத ஒரு வழியில் வந்து தொடுகிறது. வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பியபோது, அன்னையைத் தமிழ்ப்பெண்ணாகச் சேலை உடுத்தி ஓவியமாக வரையச் செய்து, அவ்வோவியத்தை மணிலாவுக்கு அனுப்பிச் சிற்பமாக்கிப் பெற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மணிலா அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நகரம். தமிழ்நாட்டு ஓவியம் கடல் கடந்து, ஸ்பானியர் நகரத்துத் தச்சர் உளியில் உருப்பெற்று, மீண்டும் தமிழ்நாட்டுக்கே வந்தது. அங்கெல்லாம் ஐரோப்பிய முகத்தைச் செதுக்கப் பழகிய கை, ஒருமுறை தமிழ் முகத்தைச் செதுக்கியது.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபோது மதுரை மிஷனும் நலிந்தது. 1838-இல் பிரெஞ்சு இயேசு சபையினர் நால்வர் வந்து அதை மீண்டும் தொடங்கினர். திண்டுக்கல்லில் 1850-இல் புனித மரியன்னை பள்ளி, அதைத் தொடர்ந்து சூசையப்பர் ஆலயம். திருச்சி, திண்டுக்கல், மதுரை இருப்புப்பாதை 1875-இல் தான் வந்தது. ஆகவே ஆலயத்துக்கான பொருள்கள் மாட்டுவண்டியில் வந்திருக்கவேண்டும். ஆலயத்தின் தலைவர் சூசையப்பர் என்பதில் இலக்கிய அன்பர்க்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. தேம்பாவணியின் காப்பியத் தலைவர் அவரே. வீரமாமுனிவர் பெயரால் பெஸ்கி கல்லூரி என்னும் இயேசு சபை இல்லமும் இவ்வூரில் இருக்கிறது. ஆலயம் முடிந்த 1872-ஆம் ஆண்டிலேதான் அருகிலுள்ள வத்தலக்குண்டில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதப்போகும் ராஜம் ஐயர் பிறந்தார் என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம்; தொடர்பில்லாத இரண்டு செய்திகள் ஒரே ஆண்டில் நின்றால் நினைவில் வைப்பது எளிது. 2003 நவம்பரில் திருச்சியிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டமானபோது சூசையப்பர் ஆலயம் பேராலயமாயிற்று.

திண்டுக்கல் சமவெளிக்கும் சான் சேவியர் கோயிலுக்கும் உள்ள நெருங்கிய உறவு கொடியில் இல்லை, கோபுரத்தில் இல்லை, செடியில் இருக்கிறது. நம் கரிசலிலும் செம்மண்ணிலும் வேலியோரத்தில் நிற்கும் சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது. கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து கருஞ்சிவப்புச் சாயம் எடுத்து ஸ்பெயின் பெரும்பொருள் ஈட்டியது. அந்த வாணிபத்தை உடைக்க எண்ணிய கும்பினி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் வைத்தார். சாயம் கைகூடவில்லை. கள்ளிகளோ நாடெங்கும் பரவி உழவருக்குத் தொல்லையாயின. 1926-இல் வேறொரு வகைப் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அத்தொல்லை தணிந்தது. ஸ்பெயினின் சிவப்பைத் தேடி வந்த செடி முள்ளாக மட்டும் எஞ்சியது.

அதே கள்ளி தன் சொந்த மண்ணில் வேறொரு வேலை செய்கிறது. இருபதாம் நூற்றாண்டில் சான் சேவியர் கோயிலின் புறச்சுவரில் சிமெண்டு பூசினார்கள். சிமெண்டு மூச்சுவிடாது, சுவருக்குள் புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றி உட்புறம் கசிந்து வண்ண ஓவியங்களை அரிக்கத் தொடங்கியது. வெளியே பார்ப்பவருக்கு வெண்மை பளபளத்தது; உள்ளே நிறம் உதிர்ந்தது. பிறகுதான் பழைய முறையை நாடினர். சிமெண்டைக் கொத்தியெடுத்துவிட்டு, சுண்ணாம்பும் மணலும் சேர்த்து, சப்பாத்திக்கள்ளி மடலை ஊறவைத்த வழுவழுப்பான சாற்றைக் கலந்து பூசினார்கள். அச்சாறு சாந்துக்குப் பிடிப்பும் நீர் ஒதுக்கும் தன்மையும் தருகிறது. நம் பழைய கொத்தனார்கள் நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காய்ச் சாறும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து அரைத்த காரைக்கு இது உடன்பிறப்பு. அங்கே கள்ளி, இங்கே கடுக்காய். இரண்டும் ஏட்டில் எழுதி வைக்காமல் கைவழியே வந்த அறிவு. இரண்டையும் சிமெண்டு மூட்டை ஒரு தலைமுறையில் மறக்கடிக்கப் பார்த்தது. நம் பக்கத்துப் பழைய கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எதுவானாலும் செப்பனிடுவோர் இதை ஒருமுறை கேட்டுச் செல்வது நல்லது.

கறுப்பு வெள்ளையைக் குறைத்துப் பேசுவது இங்கு நோக்கமன்று. கே. எம். ஆதிமூலம் 1969-இல் காந்தியடிகளைக் கோடுகளால் வரைந்த வரிசையைக் கண்டவர்கள், வண்ணமின்மை ஒரு குறையென்று சொல்லமாட்டார்கள். சிற்றிதழ்களின் அட்டையில் அவருடைய கோடுகள் கவிதைக்கு ஒப்பாக நின்றதை இலக்கிய வட்டத்தார் அறிவர். அவர் கோட்டில் மனிதன் இருக்கிறான். நரம்பும் எலும்புமாக இருக்கிறான். மிஷன் படங்களில் விடுபட்டது நிறம் மட்டுமாயிருந்தால் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. சுவரைக் கட்டியவன் விடுபட்டான் என்பதே வழக்கு.

திண்டுக்கல் முத்தழகுப்பட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவை ஆகஸ்டு மாதத்தில் பார்த்தவர் எவரும் ஆளில்லாத தேவாலயத்தை வரைய எண்ணமாட்டார். நேர்ந்துகொண்டவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் கத்தரிக்காயும் கொண்டுவந்து கொடுக்கின்றனர். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பெரிய அடுப்புகளில் வேகின்றன. சமயம் பாராமல் சுற்றுவட்டாரத்து மக்கள் அனைவரும் அமர்ந்து உண்கிறார்கள். வீட்டிலிருப்போர்க்குப் பாத்திரங்களில் வாங்கியும் போகிறார்கள். அடுப்புப் புகை, மின்விளக்குத் தோரணம், பந்திக்கு முந்தும் கூட்டம். பழைய ஒளிப்படக் கருவியை அங்கே நிறுத்தி நெடுநேரம் திறந்து வைத்திருந்தால் தகட்டில் சுவர் மட்டும்தான் பதிந்திருக்கும்.